கையெழுத்துக்குப் பிறகும் மாறிய சாம்பியன்

கார் பந்தயங்களில் டைம் கீப்பராக வேலை பார்க்கிறவர்களிடம் யார் ஜெயித்தது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கொடி காட்டிய பிறகு தாற்காலிக முடிவு என்று ஒரு தாளை ஒட்டுவோம், ஆட்சேபம் சொல்வதற்கான நேரம் முடியும்வரை காத்திருப்போம், அப்புறம்தான் கையெழுத்து. இந்த வேலையில் இருக்கிற எனக்கு அமெரிக்காவின் 1920 சீசன் அடிக்கடி நினைவுக்கு வரும். அங்கே கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகும் சாம்பியன் மாறினார்.

அந்த வருட இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் ரால்ஃப் டிபால்மாதான் முன்னணியில் இருந்தார். கடைசிக் கட்டத்தில் அவர் கார் மக்கர் செய்ய, காஸ்டன் செவ்ரோலே ஜெயித்தார், அதுவும் பந்தயம் முழுக்க ஒரு டயர்கூட மாற்றாமல். சராசரி வேகம் மணிக்கு 88 மைலுக்குக் கொஞ்சம் மேல்.

எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு விஷயம் புரியும். இரண்டரை மைல் நீள்வட்டப் பாதையில் அந்த வேகத்துக்கு ஒரு லேப், அதாவது ஒரு சுற்று, சுமார் 1 நிமிடம் 42 விநாடி. தாளில் திடீரென்று 3:24 என்று வந்தால் என்ன அர்த்தம்? ஒரு லேப்பைக் குறிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது கார் உண்மையிலேயே பிட்டில் (பெட்ரோல், டயருக்காக நிறுத்தும் இடத்தில்) நின்றிருக்கலாம். இன்றைக்கு காரில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர், அதாவது கார் கோட்டைக் கடப்பதைச் சொல்லும் கருவி, சிக்னல் தவறினாலும் எண் அப்படியே இரட்டிப்பாகத்தான் வரும், ஆனால் எங்களுக்கு வீடியோ இருக்கிறது. 1920-இன் டைம் கீப்பர்கள் கண்ணையும் பென்சிலையும் நம்பி 200 லேப் எண்ணினார்கள், அந்த ஆட்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நவம்பர் 25-ஆம் தேதி பெவர்லி ஹில்ஸில் அந்த சீசனின் கடைசிப் பந்தயம். மரப்பலகைகளைப் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கிச் செய்த, ஒன்றேகால் மைல் பாதை. ராஸ்கோ சார்ல்ஸ் ஜெயித்தார். ஆனால் அன்று நடந்த மோதலில் காஸ்டன், இன்னொரு ஓட்டுநர் எட்டி ஓ'டானல், ஓ'டானலோடு காரில் போன மெக்கானிக் என மூன்று உயிர்கள் போயின. சீசன் முழுக்கச் சேர்த்த புள்ளிகளில் முன்னால் இருந்த காஸ்டனையே, பந்தயங்களை நிர்வகித்த அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் சாம்பியனாக அறிவித்தது.

சரி, அதோடு முடிந்திருக்க வேண்டும். சில வருடங்கள் கழித்து, சங்கத்தின் ஆட்களே பழைய பதிவுகளைக் கிளறி, முதலில் கணக்கில் எடுக்காத பந்தயங்களையும் சேர்த்துக் கூட்டி, டாமி மில்டன் என்ற ஓட்டுநர்தான் சாம்பியன் என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பட்டியல் பல வருடம் அப்படியே இருந்தது, பிறகு திரும்பவும் காஸ்டன் பெயருக்கே வந்தார்கள். மில்டன் அந்த சீசனில் நிறைய ஜெயித்தவர்தான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் எந்தப் பந்தயம் கணக்கில் வரும் என்பதை ஓட்டி முடித்த பிறகு மாற்றினால், தாளில் இருக்கும் எண் அத்தனையும் சரியாக இருந்தும் முடிவு தப்புதான். ஆட்சேபம் சொல்ல ஆள் உயிரோடு இல்லாதபோது அது இன்னும் பெரிய அநியாயம்.

என் கணக்கில் 1920 காஸ்டனுடையது. மில்டனுக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. ஒரு கண்ணில் பார்வை இல்லாத அந்த மனிதர் 1921-இல் இண்டியானாபோலிஸையும் வென்று, எந்தச் சர்ச்சையும் இல்லாமல் சாம்பியன் ஆனார். இண்டியானாபோலிஸில் அவர் ஓட்டியது காஸ்டனின் அண்ணன் லூயி செவ்ரோலே செய்த ஃபிரான்டனாக் கார்.