மூன்றாம் நம்பர் பிரஸ்: அம்பத்தூர் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024

தகட்டை அடித்து வடிவாக்கும் மூன்றாம் நம்பர் பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு நகம் பெயர்ந்துவிட்டது. "பிளாஸ்டர் போட்டாச்சு, எழுத வேணாம்மா" என்றார் சூப்பர்வைசர். நான் ஆக்சிடென்ட் புக்கில் எழுதிவிட்டேன். நாளைக்கே சீழ் பிடித்து விரலை எடுக்கும்படி ஆனால், வேலையில் பட்ட காயம் என்று காட்ட அவரிடம் இந்த ஒரு வரிதான் இருக்கும். அதோடு, ஒரே மெஷின் அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வந்தால் யாரும் கண்டும் காணாமல் இருக்க முடியாது. மெயின்டெனன்ஸுக்கும் எழுதிக் கொடுத்தேன்: பெடலை ஒருமுறை மிதித்தால் மேல் டை (தகட்டை அழுத்தும் அச்சு) சில நேரம் இரண்டு முறை இறங்குகிறது.

ஆகஸ்ட் 9

ஆர்டர் அவசரம் என்று மெஷினை நிறுத்தவில்லை. இரண்டாம் ஷிஃப்டில் ஒரு பையனின் ஆள்காட்டி விரல் போய்விட்டது, இரண்டு கணு. செங்கம் பக்கத்துப் பையன், 23 வயது. டை மாற்றக் கழற்றிய கார்டை, அதாவது கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பை, திரும்ப மாட்டாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

துண்டான விரலை நேரே ஐஸில் போடப் போனார்கள். அப்படிப் போட்டால் திசு கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். அப்படியே கொண்டுபோனோம். ஆனால் நசுங்கியிருந்ததால் ஒட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அக்கா, அம்மாகிட்ட இப்போ சொல்லாதீங்க" என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆகஸ்ட் 12

கான்ட்ராக்டர் வந்தார். பையனை இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவே செய்யவில்லை. "அன்னிக்குத்தான் சேர்ந்தான்னு போட்டுக்கலாம்மா. இல்லேன்னா கையில ஒரு தொகை கொடுத்து எழுதி வாங்கிக்கலாம்." முடியாது என்றேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, வருகைப் பதிவேடு என் மேஜையில்தான் இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளியுடையது, அதாவது எங்கள் கம்பெனியுடையது. பதிவு செய்யாதது முதலாளியின் தவறு, அதைக் காட்டித் தொழிலாளியின் உரிமையை மறுக்க முடியாது. அதனால் ஆகும் நஷ்டத்தை இஎஸ்ஐ முதலாளியிடமே வசூலிக்கும்.

பையனின் அண்ணனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வேலைக்காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. சராசரி தினக்கூலி 600 ரூபாய் என்றால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு அதில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு 540. அப்புறம் நிரந்தர ஊனத்துக்குத் தனி. சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்கு 11 சதவீதம். 540-இல் 11 சதவீதம் 59 ரூபாய் 40 காசு. தினமும், ஆயுள் முழுக்க. மாதம் 1,780 ரூபாய் அளவுக்கு வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கையில் வாங்கும் ரொக்கம் ஒரு கல்யாணத்திலோ ஒரு கடனிலோ கரைந்துவிடும். அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எழுதிக் கொடுக்க மாட்டோம்க்கா" என்றார்.

ஆகஸ்ட் 20

மெஷின் முன்னால் ஒளிக்கதிரால் திரைபோல் காவல் போடும் லைட் கர்ட்டன் விற்க ஒருவர் வந்தார். கை உள்ளே போனால் மெஷின் தானே நிற்கும் என்றார். நிர்வாகத்துக்கு ஆசை வந்துவிட்டது. மெயின்டெனன்ஸில் இருக்கும் பெரியவர்தான் குறுக்கிட்டார். எங்கள் பிரஸ்கள் கீ கிளட்ச் வகை. கீ என்ற இரும்புத் துண்டு, சுழலும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலோடு பூட்டிக்கொண்டால் ஒரு சுற்று முடியும்வரை நிற்காது. பாதி வழியில் நிறுத்த முடியாத மெஷினுக்கு லைட் கர்ட்டன் வீண். தேய்ந்த கீயும் தளர்ந்த ஸ்பிரிங்கும்தான் அந்த இரண்டாவது அடிக்குக் காரணம், முதலில் அவற்றை மாற்றுங்கள் என்றார்.

கடைசியில் முடிவானது இது: டையைச் சுற்றி மூடிய கார்டு, தகடு நுழைய மட்டும் ஒரு சந்து, விரல் போகாத அளவில். சின்ன பீஸ்களுக்குக் காந்தக் குச்சி. கார்டு மாட்டி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகே மெயின் சுவிட்ச். மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கையும் குறைக்கச் சொன்னேன். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாட்டினால், அடுத்த வாரமே யாராவது கழற்றிவிடுவார்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. விடப்போவதில்லை.

செப்டம்பர் 18

காலை ஷிஃப்டுக்கு வரும் வழியில் ஒருவரை பைக் இடித்துவிட்டது. ரோட்டில் நடந்ததுதானே, கம்பெனிக்கு என்ன என்று கேட்டார்கள். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், 2010 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்காயம்தான். ரிப்போர்ட் அனுப்பியாயிற்று.

நவம்பர் 21

விரல் போன பையனின் ஊனம் 11 சதவீதம் என்றே மெடிக்கல் போர்டு முடிவு செய்திருக்கிறது. குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இப்போது இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலை, பழைய சம்பளம்தான். குறைக்கவிடவில்லை. பேங்க் பாஸ்புக்கில் அவன் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை. திங்கட்கிழமை லீவ் எழுதிக் கொடுத்து பேங்குக்கு அனுப்புகிறேன்.