புதுச்சேரி பைக்கில் நேபாளம்

சொந்த பைக்கிலேயே போய்வரக்கூடிய வெளிநாடு என்றால் நமக்கு முதலில் நேபாளம்தான். விசா வேண்டாம், அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். புதுச்சேரியிலிருந்து நாக்பூர், ஜபல்பூர், கோரக்பூர் வழியாக சுனௌலி எல்லை 2,200 கிலோமீட்டருக்கு மேல்.

எல்லையில் வண்டிக்கு ‘பன்சார்’ என்ற சுங்கச் சீட்டு போடவேண்டும். கட்டணம் நாள் கணக்கு. மண்சரிவில் ஒரு நாள் சாதாரணமாகப் போய்விடும், கெடு தாண்டினால் அபராதம். அதனால் இரண்டு நாள் கூட்டியே கட்டுங்கள். ஆர்.சி., லைசென்ஸ் அசல் கையில் இருக்கட்டும். வண்டி அப்பா பேரில் என்றால் அவருடைய அனுமதிக் கடிதமும் வேண்டும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி எல்லை தாண்டினால் செல்லாது. நேபாளத்தையும் சேர்த்து எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியில் கூடுதல் ஒப்புதல்) வாங்குங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

நம்மூர் வண்டிகளுக்குத் தனித் தலைவலி உப்புக்காற்று. கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டியில் பேட்டரி டெர்மினல் பச்சை பூத்திருக்கும். கழற்றி, சுரண்டி, வாசலின் தடவுங்கள். செயினைக் கையால் வளைத்துப் பாருங்கள். துருவேறிய கணு மடங்கியபடியே நின்றால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல், ஸ்ப்ராக்கெட்டோடு (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றிவிடுங்கள். பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு லூப் (மசகு) அடியுங்கள். உபரியாக ஒரு புது கிளட்ச் கேபிளைப் பழையதன் கூடவே இழுத்து, டேப் சுற்றி வையுங்கள்; அறுந்தால் முனைகளை மாற்றினால் போதும்.

நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில் உள்ள கோயில் தலமான முக்திநாத் 3,700 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவதால் கார்புரேட்டர் வண்டியில் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடி, கரும்புகை தள்ளி, இழுவை குறையும். அதற்காக ஏர் ஃபில்டரைக் கழற்றிவிடும் வைத்தியம் மட்டும் வேண்டாம்; முஸ்தாங் புழுதி பிஸ்டனைத் தின்றுவிடும்.