டாட்மர்டனில் பழைய சேப்பல் தேடுகிறீர்களா? முதலில் ஆற்றின் எந்தக் கரை என்று பாருங்கள்

ஒரு நாள் லீவும் ரயில் காசும் வீணாய்ப் போன ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊர்ப் பக்கம், சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் சேராத கிறிஸ்தவப் பிரிவினர் கட்டிய பழைய சேப்பல்களின் கதையைத் தேடிக் கிளம்பும் அடுத்த ஆளாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தேடியது பேர்போன இடம் எதுவும் இல்லை. ஆலை முதலாளிகளான ஃபீல்டன் சகோதரர்கள் பணம் போட்டு, கட்டடக் கலைஞர் ஜான் கிப்சன் வடிவமைத்து 1869இல் எழுந்த யூனிட்டேரியன் பிரிவின் சர்ச் மாதிரி இடங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். என் கண்ணில் பட்டது மலைச்சரிவில், ஆலைப் புகையில் கறுத்த கல்லால் கட்டிய ஒரு சின்னச் சேப்பல். இப்போது அதில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அதனால் எந்தத் தெரு என்று சொல்லவில்லை. முகப்பில் 'எபனேசர்' என்ற பெயரும் 1860 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கிறது. எந்தப் பிரிவினர் கட்டியது, எப்போது மூடியது என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கல்லில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல சமயம் அது இடித்துத் திரும்பக் கட்டிய ஆண்டாக இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் சேர்த்துக் கட்டிய ஞாயிறு பள்ளியின் ஆண்டாக இருக்கும். பிரிட்டனின் அரசு நிலவரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1860க்கு முன்பே வந்துவிட்ட முதல் பதிப்பு ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடத்தில், அதே இடத்தில், சேப்பல் ஏற்கெனவே நிற்கிறது. அப்படியானால் 1860 அது முதலில் எழுந்த ஆண்டு இல்லை. இதுவரை எல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே முடிந்தது.

அப்புறம்தான் வம்பு. ஓர் ஆவணக் காப்பகத்தின் கேட்டலாக்கில் 'எபனேசர், டாட்மர்டன்' என்று பெட்டி எண்ணோடு இருந்தது. மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. லீவு போட்டு, ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பெட்டி வெளிக் கிடங்கில் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றார். மின்னஞ்சலை எடுத்துக் காட்டினேன். அதை அனுப்பியவர் இன்று வரவில்லை என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

முறைப்படி சொல்லிவைத்து மறுபடி போனேன். பெட்டியைத் திறந்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வேறொரு எபனேசர்! மேலே இருந்த கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே, அந்தக் கால ஊர்ப் பிரிவான டவுன்ஷிப்பின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கேட்டலாக் போட்டவர் அந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். திருத்தச் சொல்லிப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்; இதை எழுதும் வரை மாறவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வேர் ஊரின் அமைப்பில் இருக்கிறது. 1888 வரை யார்க்ஷயர், லங்காஷயர் என்ற இரண்டு கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) எல்லை இந்த ஊரின் நடுவில்தான் ஓடியது. 1875இல் திறந்த டவுன் ஹாலே வால்ஸ்டன் வாட்டர் என்ற சிற்றாற்றின் மேல்தான் நிற்கிறது. பாதி ஒரு கவுண்டி, பாதி இன்னொரு கவுண்டி. லாங்ஃபீல்ட், ஸ்டான்ஸ்ஃபீல்ட் டவுன்ஷிப்கள் ஹாலிஃபாக்ஸ் பாரிஷை, அதாவது அந்த சர்ச்சின் நிர்வாக எல்லையைச் சேர்ந்தவை. டாட்மர்டன் அண்ட் வால்ஸ்டன் டவுன்ஷிப்போ ராச்டேல் பாரிஷ். சேப்பல்காரர்கள் 1689 சட்டப்படி தங்கள் கூடும் இடத்தை பிஷப்பிடமோ, குவார்ட்டர் செஷன்ஸ் என்ற கவுண்டி நீதிமன்றத்திடமோ அந்தக் காலத்தில் பதிந்தாக வேண்டியிருந்தது. கரை மாறினால் பிஷப்பும் மாறுவார், நீதிமன்றமும் மாறும். இன்று அந்த நீதிமன்றக் காகிதங்களைப் பார்க்க ஒரு கரைக்கு வேக்ஃபீல்ட் போக வேண்டும், மறு கரைக்குப் பிரஸ்டன். டவுன்ஷிப் எது என்று உறுதியாகாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

எனக்கு வழி திறந்தது 1851 மதக் கணக்கெடுப்பில். அந்த ஆண்டு மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை, எந்த வழிபாட்டு இடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நாடு முழுக்க எண்ணினார்கள். அந்தப் படிவங்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், எச்.ஓ. 129 என்ற வரிசையில் இருக்கின்றன. முக்கியமான விஷயம், அவற்றை அடுக்கியிருப்பது பிறப்பு, இறப்பு பதிய வகுத்த பதிவு மாவட்டப்படி. டாட்மர்டன் பதிவு மாவட்டம் கவுண்டி எல்லையைப் பார்க்காமல் இரண்டு கரைகளையும் சேர்த்தது. எனவே இரண்டு எபனேசர்களும் ஒரே காகிதக் கட்டுக்குள்! என்னுடையதற்கு எதிரே 'வெஸ்லியன் மெத்தடிஸ்ட் அசோசியேஷன்' என்று எழுதி, கீழே ஸ்டூவர்டு (சேப்பல் நிர்வாகி) ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். உரக்கக் கத்தத் தோன்றியது, ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தார்.

பிரிவு தெரிந்ததும் அதன் பெயர் மாறிய வரிசையையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெஸ்லியன்களிடமிருந்து 1830களில் பிரிந்த இந்த அசோசியேஷன், 1857இல் யுனைடெட் மெத்தடிஸ்ட் ஃப்ரீ சர்ச்சஸில் சேர்ந்தது. 1907இல் யுனைடெட் மெத்தடிஸ்ட், 1932இல் எல்லாம் ஒன்றாகி வெறும் மெத்தடிஸ்ட். ஒரே கட்டடம், நான்கு பெயர். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முக்கால்வாசி கிடைக்காது.

என் சேப்பல் ஸ்டான்ஸ்ஃபீல்டில், அதாவது யார்க்ஷயர் கரையில் இருந்தது அதிர்ஷ்டம். யார்க்ஷயரின் மேற்குப் பகுதியான வெஸ்ட் ரைடிங்கில் 1704இலிருந்து 1970 வரை பத்திரப் பதிவகம் இருந்தது. அதன் புத்தகங்கள் வேக்ஃபீல்டில் இருக்கின்றன. நம் ஊர் வில்லங்கம் பார்க்கிற மாதிரிதான், விற்றவர் பெயரை வைத்துத் தேட வேண்டும். அந்தப் பெயர் எனக்குக் கிடைத்தது டாட்மர்டன் அட்வர்டைசர் என்ற பழைய பத்திரிகையில் வந்த பொன்விழாச் செய்தியில். நிலம் கொடுத்த விவசாயியை அதில் குறிப்பிட்டிருந்தார்கள். பதிவேட்டில் முழுப் பத்திரம் இருக்காது, சுருக்கம்தான். விலையும் பெரும்பாலும் இராது. ஆனால் டிரஸ்டிகள் ஒவ்வொருவரின் தொழிலும் இருந்தது: நெசவாளர்கள், ஃபஸ்டியன் துணி செய்பவர், செருப்புத் தைப்பவர், ஒரு மளிகைக் கடைக்காரர். பெரிய முதலாளி ஒருவர்கூட இல்லை. தறியில் உட்கார்ந்தவர்கள் காசு சேர்த்து நிலம் வாங்கியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது பட்ட அலைச்சல் எல்லாம் மறந்துபோனது.

லங்காஷயர் கரைக்காரர்களுக்கு அந்த மாதிரிப் பதிவகம் கிடையாது. அவர்கள் மனம் தளர வேண்டாம். 1736 சட்டப்படி சேப்பல் டிரஸ்ட் பத்திரங்களை ஆறு மாதத்துக்குள் லண்டனில் சான்சரி என்ற நீதிமன்றத்தில் பதிய வேண்டியிருந்தது. கியூவில் குளோஸ் ரோல்ஸ், அதாவது சி 54 வரிசையில் தேடிப் பாருங்கள். இன்னொன்று: 1837க்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கவுண்டி காப்பகத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பெரும்பாலானவற்றை அரசு அப்போதே வாங்கிக்கொண்டது, அவையும் கியூவில், ஆர்.ஜி. 4 வரிசையில் இருக்கின்றன. பாப்டிஸ்ட்களிடம் குழந்தை ஞானஸ்நானம் இல்லை, பிறப்புக் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

மூடிய ஆண்டு மட்டும் கடைசிவரை இழுத்தடித்தது. ஆளுக்கொரு ஆண்டு சொன்னார்கள். கடைசியில் கை கொடுத்தது அரசிதழான லண்டன் கெஜட். கல்யாணம் நடத்தப் பதிவான சேப்பலின் பதிவு ரத்தானால் அதில் அறிவிப்பு வரும். 'ஸ்டான்ஸ்ஃபீல்ட்' என்று போட்டபோது ஒன்றும் வரவில்லை. 'டாட்மர்டன்', 'மெத்தடிஸ்ட்' என்று போட்டதும் 1960களின் ஓர் இதழில் இரண்டு வரியில் இருந்தது. ரத்தான தேதி, கதவைச் சாத்திய தேதிக்குச் சில மாதம் பின்னால் இருக்கலாம், அதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.