சாக்ஸின் குதிகால் மூலை ஓட்டை ஒருவழியாக அடைபட்டது

அப்பாவுக்கான சாக்ஸ், ஒரு கால் முடிந்துவிட்டது. இதுவரை பின்னியதில் ஆறாவது ஜோடி. குதிகால் மூலையில் ஓட்டை இல்லாத முதல் சாக்ஸ் இதுதான். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், கையை உள்ளே விட்டு விரல்களை விரித்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் இழுத்தும் பார்த்தேன். இல்லவே இல்லை. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியாயிற்று. "எங்க ஓட்டை?" என்று அக்கா கேட்டாள். அதைத்தானே நானும் சொல்கிறேன்!

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பாதம் சுற்றளவு 25 செ.மீ. சாக்ஸ் நழுவாமல் இருக்க பத்து சதவீதம் குறைத்தால் 22.5. என் பின்னலில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) விழுகிறது, ஆக 72 கண்ணி. 2.25 மி.மீ. ஊசி, மேஜிக் லூப் (நீளமான கேபிளால் இணைத்த இரண்டு ஊசி முனைகளில் வட்டமாகப் பின்னும் முறை), மேலிருந்து கீழே. நூல் வழக்கமான 75 சதவீதம் மெரினோ கம்பளி, 25 சதவீதம் நைலான். கணுக்கால் வரை 2x2 ரிப், அதாவது இரண்டு கண்ணி நேர், இரண்டு கண்ணி மறுபுறமாக வரும் இழுபடும் பின்னல். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, டிவி பார்த்துக்கொண்டே முடித்தேன்.

இனி அந்த மூலை, அதாவது குதிகால் பகுதியும் மேல்பாதமும் சந்திக்கிற இடம். ஹீல் ஃப்ளாப் (குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டை) 36 கண்ணியில் 36 வரிசை, ஓரத்தில் 18 நழுவல் கண்ணிகள் (பின்னாமல் அப்படியே ஊசி மாற்றியவை). குதிகாலைத் திருப்பி, அதாவது கண்ணிகளைக் குறைத்துக் கிண்ணம் போல வளைத்து, முடித்தபோது 20 கண்ணி மிச்சம். ஒவ்வொரு ஓரத்திலும் புதிதாக 18 கண்ணி எடுத்து, மூலைக்கு ஒன்று கூடுதலாக எடுத்தால் 19. மேல்பாதத்தின் 36-ஐயும் சேர்த்து மொத்தம் 94. அங்கிருந்து 72-க்கு இறங்க வேண்டும். எல்லாம் சாக்ஸ் பின்னுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். வம்பு பண்ணியது அந்தக் கூடுதல் ஒரு கண்ணி.

முதல் ஐந்து ஜோடியிலும் ஓட்டை ஒரே மூலையில்தான் விழுந்தது. முதல் மூலை சுத்தமாக இருக்கும். மேல்பாதத்தைப் பின்னிவிட்டு வந்து எடுக்கிற இரண்டாவது மூலையில் மட்டும் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் துவாரம். இடது வலது என்று தனித்தனியாகப் பின்னுவதில்லையே, அதனால் போட்டுக்கொண்டால் ஒரு காலில் உள்பக்கம் தெரியும், இன்னொரு காலில் வெளிப்பக்கம் தெரியும். தம்பி அதற்கு "காற்றோட்டம்" என்று பெயரே வைத்துவிட்டான்.

முதலில் நூலின் மேல் பழியைப் போட்டேன். அப்புறம் கையின் மேல். இறுக்கிப் பின்னினால் சரியாகும் என்று நினைத்து இறுக்கினேன். மூலை இறுகியது, ஓட்டை பக்கத்துக் கண்ணிக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். ஒரு ஜோடியில் இரண்டு கண்ணி கூடுதலாக எடுத்தேன். ஓட்டை இரண்டாகிவிட்டது. இன்னொன்றில் உள்பக்கமாக ஊசி நூலால் தைத்து மறைத்தேன், அதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில் தளர்ச்சி வருவது இயல்புதான். ஃப்ளாப் முன்னும் பின்னுமாக 36 வரிசை போகும்போது மேல்பாதத்துக் கண்ணிகள் கேபிளில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் சந்திக்கிற இடத்து நூல் அத்தனை நேரமும் இழுபட்டு நீண்டுவிடுகிறது. அந்த நீண்ட நூலைத் தூக்கி முறுக்கிப் பின்னினால் ஓட்டை அடைபடும், முறுக்காமல் பின்னினால் பெரிதாகும். நான் முறுக்கித்தான் பின்னுகிறேன் என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை மூலையில் நிறுத்திவிட்டு, ஊசியில் அந்தக் கண்ணி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தேன். முதல் மூலையில் நூலை முன்னிருந்து பின்னாகத் தூக்குகிறேன், பின்காலில் (வளையத்தில் ஊசிக்குப் பின்னால் இருக்கிற பாதியில்) பின்னுகிறேன். முறுக்கு விழுகிறது, சரி. இரண்டாவது மூலை கண்ணாடி பிம்பம் போல இருக்கட்டும் என்று பின்னிருந்து முன்னாகத் தூக்குகிறேன். அதுவும் சரி. ஆனால் கைப்பழக்கம்! அங்கேயும் பின்காலில்தான் பின்னியிருக்கிறேன். அப்படித் தூக்கினால் முன்காலில் பின்னினால்தான் முறுக்கு விழும். பின்காலில் பின்னினால் கண்ணி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஐந்து ஜோடி, பத்து சாக்ஸ், பத்து ஓட்டைக்குக் குறையாது. லேஸ் டிசைனுக்கு வேண்டுமென்றே போடுகிற ஓட்டையைத்தான் நான் ஒவ்வொரு முறையும் பொறுப்பாகப் போட்டிருக்கிறேன்!

முன்காலில் பின்னினேன். அடுத்த சுற்றில் அதைப் பக்கத்து ஓரக் கண்ணியோடு சேர்த்துக் குறைத்தேன். கடைசியில் ஊசி முனையால் அக்கம்பக்கத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, மிச்சத் தளர்ச்சியை நாலைந்து கண்ணிகளுக்குப் பங்கு போட்டுவிட்டேன். முடிந்தது. மேல்பாதத்து முதல் கண்ணிக்குக் கீழ் வரிசையிலிருந்து எடுக்கிற வழியும் ஒன்று உண்டு, தனித் துண்டில் செய்து பார்த்தேன். அடைகிறது, ஆனால் உள்ளே ஒரு தடிப்பு. ஷூ போட்டால் உறுத்தும்.

நூல் வாங்கிய கதை தனி. இது முன்பு வாங்கிய அதே நிறம், அதே எண். வந்ததோ வேறு சாயத் தொகுதி (வேறொரு தடவை சாயம் போட்டது), பச்சை ஒரு சாயல் கூடுதல். விற்றவருக்கு எழுதினால் "வெளிச்சத்தில் அப்படித் தெரியும்" என்று பதில். வெளிச்சத்தில் பார்க்காமல் சாக்ஸை எங்கே பார்ப்பது? போதாததற்கு நூற்கட்டின் நடுவில் ஒரு முடிச்சு. அது குதிகாலில் விழாமல் இருக்க அரை மீட்டர் வெட்டி எறிந்தேன். நல்லவேளை, அளவு போதும். முதல் சாக்ஸ் எடை 44 கிராம், 100 கிராம் கட்டில் மிச்சம் 56.

மூங்கில் ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. 2.25-இல் மூங்கில் வளைந்துவிடுகிறது. என்னுடையது இப்போது வில் மாதிரி இருக்கிறது. உலோகத்துக்கு மாறினால் கண்ணி வழுக்குகிறது, ஆனால் வேகம் வருகிறது. கேபிள் சேரும் இடத்தில் நூல் சிக்காத ஊசி கிடைத்தால் மற்ற குறையெல்லாம் பொறுத்துக்கொள்வேன்.

அப்புறம், சாதாரணக் கம்பளியில் இனி யாருக்கும் பரிசு கிடையாது. தோழி ஒருத்தி நான் கொடுத்ததைச் சுடுதண்ணீரில் மெஷினில் போட்டுவிட்டாள். திரும்பி வந்தது கைக்குழந்தைக்குச் சரியாக இருக்கும். துவைக்கும் முறையைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன், சீட்டையும் சேர்த்துத் துவைத்திருக்கிறாள். மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி மட்டும்தான் இனிமேல்.

இரண்டாவது கால் இப்போது ரிப்பில் நிற்கிறது. அதை முடிக்காமலேயே அக்காவுக்கு விரல்முனையிலிருந்து மேலே போகிற சாக்ஸ் பின்னலாமா என்று கை அரிக்கிறது. ஜூடி பெக்கர் 2006-இல் வெளியிட்ட மேஜிக் காஸ்ட்-ஆனை (விரல்முனையில் தையல் தெரியாமல் முதல் கண்ணிகளைப் போடும் முறை) மிச்ச நூலில் நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், நாலாவது நன்றாக வந்தது. கடைசியில் விரல்முனையைத் தைத்துச் சேர்க்கிற வேலையும் இருக்காது. ஒரே கேபிளில் இரண்டு காலையும் சேர்த்தே போட்டால், ஒற்றைச் சாக்ஸோடு மாதக்கணக்கில் நிற்கிற வியாதியும் வராது.

அப்பா அந்த ஒற்றைச் சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்ததற்கு அளவு பார்க்க முடியும் என்று இரண்டு நாளாகச் சொல்கிறேன்.