மாஸ்க் வேண்டாம், ஆனா வர்றேன்

108 வண்டியில் உசிலம்பட்டிப் பக்கம் ஓடுகிறவன் தினம் கேட்கிற பேச்சு, "எனக்கு ஒண்ணும் வேணாம், விடுங்க". வேலையில் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டதும் 'வர மாட்டேன்' என்று எழுதி வாங்குகிற கையெழுத்துத் தாளைத் தேடுவேன். இப்போது எது வேண்டாம் என்று கேட்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒன்றுதான் வேண்டாம். சிலருக்கு ஊசி. சிலருக்கு மதுரை பெரியாஸ்பத்திரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி ஈசிஜிக்குச் சட்டையைக் கழற்ற மாட்டார், ஆஸ்பிரினை மெல்லச் சொன்னால் மென்றுவிடுவார்.

போன மாதம் ஒரு அப்பத்தா. மூச்சு இளைப்பு, விரலில் மாட்டிய மெஷின் ஆக்ஸிஜன் 86 சதவீதம்தான் காட்டுகிறது, ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கிட்டே கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. மகன் கையைப் பிடிக்க வந்தார், வேண்டாம் என்றேன் (அமுக்கிப் பிடித்தால் இன்னும் இளைக்கும்). பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அப்பத்தா, இது ஆகாதா?" என்றேன்.

"இதை மாட்டித்தானய்யா அவரைக் கொண்டுபோனாக. திரும்பி வரலையே."

கொரோனா சமயம். மூக்கில் வைக்கிற சின்ன ஆக்ஸிஜன் குழாயை அதன் கையிலேயே கொடுத்தேன். தானே மாட்டிக்கொண்டது. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டத்தில் 92 வந்தது. மாஸ்க் அளவுக்குப் போகாது, தூக்கி எறிந்த மாஸ்க்குக்கு இது தேவலை.

தெளிந்த பிறகு மறுப்பவர்கள்தான் சிக்கல். சுகர் 41-ல் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த ஒருவர், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏறிப் பத்து நிமிடத்தில் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க கிளம்புங்க தம்பி, வயல்ல ஆள் நிக்குது" என்கிறார். 41-ல் இருக்கும்போது வேண்டாம் என்றிருந்தால் காதில் போட்டிருக்க மாட்டேன், இப்போது கிழமை சொல்கிறார், நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறார், தூக்கிப் போட்டுக்கொண்டு போக முடியாது. காலையில் வெறும் வயிற்றில் போட்டது கிளிமிபிரைடு, சுகரைக் குறைக்கிற மாத்திரை. ஏற்றிய குளுக்கோஸ் சீக்கிரம் கரைந்துவிடும், மாத்திரை ராத்திரி தாண்டியும் வேலை செய்யும். அவரிடமும் சொன்னேன், அவர் வீட்டு அக்காவிடமும் சொன்னேன், கண்ணெதிரே நாலு இட்லி சாப்பிட வைத்து, மறுபடி சுகர் பார்த்து, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். தாளை மடிக்கும்போது மனசே ஒப்பவில்லை.

மதியம் மூன்றரைக்கு அதே வீட்டிலிருந்து போன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு மாத்திரைப் பையோடு வாசலில் நிற்கிறார். அவர் வேர்த்து நனைந்து திண்ணையில்.

"வர்றேன் தம்பி. ஆனா ஊரே பாக்க, படுத்துக்கிட்டு வரமாட்டேன்."

சரி, உட்கார்ந்தே வாங்கண்ணே என்று கைத்தாங்கலாக ஏற்றினோம்.