நிழல் மறையும் நிமிடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு மீட்டர் உயர இரும்புக் குழாயைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, 2024 ஏப்ரல் 1 அன்று சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து அதன் நிழல் மறைவதற்காகக் காத்திருந்தேன். பிற்பகல் 1 மணி 19½ நிமிடத்தில் அது மறைய வேண்டும் என்று முந்தைய இரவே தாளில் கணக்கிட்டிருந்தேன்.

2000 சனவரி 1 நண்பகல் முதல், உலகப் பொது நேரப்படி அதுவரை கழிந்த 8856.72 நாள்களை 0.9856474 பாகையால் பெருக்கி, தொடக்க நிலையான 280.460 பாகையைக் கூட்டி, முழுச் சுற்றுகளைக் கழித்தால், சீரான வேகத்தில் செல்வதாகக் கொண்ட சூரியன் வசந்த சமநாள் புள்ளியிலிருந்து (மார்ச்சில் சூரியன் வான நடுக்கோட்டைக் கடக்கும் இடம்) 10.063 பாகையில் நிற்கும். ஆனால் பூமியின் பாதை 0.0167 மையப்பிறழ்வுள்ள (வட்டத்திலிருந்து விலகும் அளவு) நீள்வட்டம். சூரியனுக்கு மிக அருகில் வரும் சனவரித் தொடக்கத்தில் பூமி விரைந்து ஓடுவதால், மூன்றே மாதங்களில் மெய்யான சூரியன் அந்தச் சராசரிச் சூரியனை 1.914 பாகை முந்திவிடுகிறது. சூரியனை நெருங்கும்போது கோள் விரையும் என்னும் கெப்ளரின் இரண்டாம் விதி இந்த ஓர் எண்ணில் கண்ணுக்குத் தெரிவதால், கணக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுவே.

கிடைத்த 11.98 பாகையை, 23.44 பாகை அச்சுச் சாய்வைக் கொண்டு மாற்றினால், சூரியன் வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) வடக்கே 4.74 பாகையிலும், வல ஏற்றத்தில் (அந்தக் கோட்டின் வழியே சமநாள் புள்ளியிலிருந்து கிழக்கே எண்ணும் கோணம்) 11.02 பாகையிலும் அமைகிறது. எங்கள் ஊரின் அட்சரேகை ஏறத்தாழ 4.8 பாகை. இது சூரியனின் 4.74 பாகைக்கு மிக அருகில் இருப்பதால், உச்சிப்பொழுதில் எஞ்சும் நிழல் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. குழாயின் தடிமனே அதை மறைத்துவிடும். வல ஏற்றம் சராசரிச் சூரியனின் 10.063 பாகையைவிட ஏறத்தாழ 0.95 பாகை கூடுதல் என்பதால் உச்சிப்பொழுது ஏறத்தாழ நான்கு நிமிடம் தாமதமாகிறது; ஊரின் தீர்க்கரேகையால் வரும் தாமதத்தையும் கூட்டினால் 1 மணி 19½ நிமிடம் கிடைக்கிறது. (நாள்காட்டி அன்று பங்குனி 19 என்றது. அது விண்மீன்களை அடியாகக் கொண்டு, ஏறத்தாழ 24 பாகை தள்ளி எண்ணத் தொடங்குவதால், இரண்டு அளவைகளையும் கலக்கக் கூடாது.)

1 மணி 15 நிமிடத்தில் நிழல் மேற்கே இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருந்தது. பிறகு சுருங்கிக் குழாயின் அடியில் ஒடுங்கி, 1 மணி 24 நிமிடத்தில் கிழக்கே அதே இரண்டு சென்டிமீட்டருக்கு வந்தது. இரண்டுக்கும் நடுநேரம் நான் தாளில் எழுதிவைத்த நேரம்தான். அதைப் பார்த்தபோது கண் கலங்கியது.

பால்மரம் சீவிய என் தாத்தா, உச்சிவெயில் பன்னிரண்டே முக்கால் மணிக்கு மேல்தான் தலைக்கு நேரே வரும் என்பார். 1982 சனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்படுவதற்கு முன்பு, ஏப்ரல் தொடக்கத்தில் அது 12 மணி 49 நிமிட அளவில் நிகழ்ந்திருக்கும். அவர் சொன்னது சரியே.

செப்டம்பர் 10 வாக்கில் சூரியன் மீண்டும் எங்கள் தலைக்கு மேல் வரும், ஆனால் 1 மணி 13 நிமிட அளவில். குழாயைப் பிடுங்காமல் வைத்திருக்கிறேன்.