கிராஃபிக்ஸ் கார்டு அப்புறம் பார்த்துக்கலாம்

முதல் முறையாக சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் போடும் லிஸ்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாதிப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போயிருக்கும், மீதியில் ப்ராசஸரும் மதர்போர்டும் ஒற்றை ரேமும், கடைசியில் கையில் மிஞ்சியதற்குப் பேர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). நான் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் முதல் ரவுண்டில் கார்டே வேண்டாம். உள்ளேயே கிராஃபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, இருக்கும் ப்ராசஸரை வாங்கி, மற்றதையெல்லாம் உருப்படியாக வாங்கிவிடுங்கள், கார்டைப் பணம் சேர்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். முப்பரிமாண வேலை செய்கிறவர்கள், புது கேம்களை உயர்ந்த செட்டிங்கில் ஆடியே தீர வேண்டும் என்கிறவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம், உங்களுக்குக் கார்டு வேண்டும்தான்.

சரி, ப்ராசஸர். இங்கேதான் மாடல் நம்பரின் கடைசி எழுத்து ஆளைக் கவிழ்க்கும். இன்டெலில் ஐ3-12100 என்பதில் கிராஃபிக்ஸ் உண்டு, 12100எஃப் என்பதில் கிடையாது. எஃப் கொஞ்சம் மலிவாக இருக்கும், மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ போர்ட்டும் இருக்கும், ஆனால் கேபிளைச் சொருகினால் திரை இருட்டாகவே கிடக்கும். ஏஎம்டியில் கதை வேறு. ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ரைசன் 5600 என்றால் கிராஃபிக்ஸ் இல்லை, 5600ஜி என்றால் உண்டு. அதுவே ஏஎம்5 சாக்கெட்டுக்கு வந்தால் 7600-இல் எந்த எழுத்தும் இல்லாமலே சின்னதாக ஒன்று இருக்கும், படம் காட்டும், கேம் ஆடுவதற்கு அதை நம்ப முடியாது. குறைந்த செலவு என்றால் என் ஓட்டு 5600ஜிக்குத்தான்: ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே கூலர் வந்துவிடும். ஏஎம்5 புதியது, இன்னும் சில வருஷத்துக்குப் புது ப்ராசஸர்கள் வரும், ஆனால் அதில் புது வகையான டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போகும், போர்டும் விலை கூட. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படி வாங்கும்போது ரேமில் கஞ்சத்தனம் காட்டினால் கையைக் கடிக்கும். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனியாக மெமரி கிடையாது, நீங்கள் போடும் ரேமில்தான் அதுவும் பங்கு கேட்கும். ஏஎம்4-இல் போகும் டிடிஆர்4-3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி டேட்டா போய்வரும், ஒரே மாதிரி இரண்டு போட்டால் 51.2. ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒரு சாதாரண கார்டில் இது 224, அதனால்தான் கார்டு கார்டுதான். ஆனால் ஒற்றை ரேமுக்கும் இரட்டை ரேமுக்கும் உள்ள வித்தியாசம் கேமில் கண்ணுக்கே தெரியும். ஆகவே ஒரு 16 ஜிபி வேண்டாம், இரண்டு 8 ஜிபி வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பக்கத்துப் பக்கத்தில் சொருகாமல் பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், மேனுவலில் படமே இருக்கும். அப்புறம் பயாஸுக்குள் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல 3200 ரேம்கள் 2133 அல்லது 2400-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வருஷக்கணக்கில் உபயோகிக்காமலே இருப்பவர்கள் ஏராளம்.

மதர்போர்டில் வண்ண விளக்கு, வைஃபை எல்லாம் ஆசையைப் பொறுத்தது. பார்க்க வேண்டியது ஒன்று: ஏஎம்4 போர்டுகளில் வரும் பி450 சிப்செட் 2018-இல் வந்தது, 5600ஜி 2021-இல். நெடுநாள் ஸ்டாக்கில் கிடந்த போர்டில் பயாஸும் பழசாக இருந்தால் இந்த ப்ராசஸரை அதற்கு அடையாளமே தெரியாது, ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அட்டைப் பெட்டியில் ரைசன் 5000 ரெடி என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், அல்லது ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக எடுங்கள். பி550 வாங்கினால் இந்தத் தலைவலி குறைவு.

எஸ்எம்பிஎஸ்தான் எனக்குப் பிடித்த விஷயம், யாருக்கும் பிடிக்காத விஷயமும் அதுதான். கார்டு இல்லாத இந்த கம்ப்யூட்டருக்கு 300 வாட்டே தாராளம். ஆனால் வாங்க வேண்டியது நாளைக்கு வரப்போகும் கார்டுக்கு. ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115, நல்ல 550 வாட் ஒன்று இருந்தால் இவை எதற்கும் போதும். நல்லது எது என்று கண்டுபிடிக்க அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதை 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட், பெட்டியில் போட்ட 550-க்கு நியாயமான கணக்கு. 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான், மீதி 190 வாட் காகிதத்தில் மட்டும். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே போட்ட பாகங்களின் தரத்தைப் பற்றி அது பேசுவதில்லை. கேபினட்டோடு இலவசமாக வருவதைத் தொடாதீர்கள். ப்ராசஸர், ரேம் எல்லாம் செகண்ட் ஹேண்டில் எடுக்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நான் எடுக்கமாட்டேன். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் சொருகிவிடாதீர்கள், பொருந்துவது போலவே பொருந்தி, டேட்டா சேமிக்கும் எஸ்எஸ்டியைக் கருக்கிவிடும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்.2 என்பது வடிவம்தான், அதே வடிவத்தில் மெதுவான சாட்டாவும் வரும், வேகமான என்விஎம்இயும் வரும், விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பின்னதை எடுங்கள். கேபினட்டில் முன்பக்கம் காற்று உள்ளே வரக் கண்ணாடிக்குப் பதில் வலை இருக்கட்டும், எத்தனை மில்லிமீட்டர் நீளக் கார்டு உள்ளே போகும் என்பதையும் பார்த்துவையுங்கள்.

பிறகு கார்டு வாங்கும் நாளில் ஒரு எச்சரிக்கை. 5600ஜி, கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇயில் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையில் நான்கே லேன் (தடம்) உள்ள கார்டுகள் இதில் நன்றாகவே தடுமாறும், எட்டு லேனாவது உள்ளதாகப் பாருங்கள். மாட்டிய பிறகும் கேம் பழைய வேகத்திலேயே ஓடுகிறதென்றால் டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், மானிட்டர் கேபிள் இன்னமும் மதர்போர்டிலேயே சொருகியிருக்கும்.